ஹுவே, 1885: விடியும்வரை மட்டும் நீடித்த தாக்குதல்

வியட்நாம் போர் என்றதும் நமக்கு அமெரிக்கா, ஹெலிகாப்டர், நேபாம் குண்டு என்று வரிசையாக ஞாபகம் வரும். எல்லாம் சினிமா செய்த வேலை. ஹுவே என்ற ஊரின் பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்கும் அது 1968 டெட் தாக்குதலோடு சேர்ந்தே தெரிந்திருக்கும். இந்தப் பதிவு அதற்கு 83 வருஷம் முந்தைய ஒரு ராத்திரியைப் பற்றியது. 1885 ஜூலை 4 முடிந்து 5 பிறந்த ராத்திரி. தன் தலைநகருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்ட பிரெஞ்சுப் படையை வியட்நாம் அரசின் போர் மந்திரி நள்ளிரவில் திடீரென்று தாக்கினார். விடிந்த கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. மந்திரி தோற்றார். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'அவசரக்காரர், யோசிக்காமல் செய்த காரியம்' என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் கோட்டையைச் சொல்லிவிடுகிறேன். அதன் அமைப்பு புரியாவிட்டால் அந்த ராத்திரியும் புரியாது. நுயென் வம்சத்தின் முதல் மன்னர் ஜா லோங் 1805இல் கட்ட ஆரம்பித்து, அவர் மகன் காலத்தில் 1832இல் முடிந்த கோட்டை. சுற்றளவு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். பிரான்சின் வோபான் பாணியில் மூலைக்கு மூலை கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, தெற்கே வாசனை ஆறு. உள்ளே அரண்மனை, மந்திரி அலுவலகங்கள், படைவீடுகள், குளங்கள், குடிமக்களின் வீடுகள் என்று ஒரு முழு ஊரே இருந்தது. வடகிழக்கு மூலையில் வெளியே துருத்திக்கொண்டு ஒரு சிறு கோட்டை. மாங் கா என்று பெயர். 1884 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுப் படை அங்கே குடியேறிவிட்டது. அதாவது ராஜாவும் அவரை அடக்க வந்த படையும் ஒரே மதிலுக்குள். ஆற்றின் தென்கரையில் பிரெஞ்சு ரெசிடென்ட்டின் மாளிகை. இப்படி பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்தார்கள். நடுவில் ஆறும், அரசனின் மதிலும், அதன்மேல் அரசனின் பீரங்கிகளும். வரைபடத்தைப் பார்த்தால் தாக்க நினைக்கிறவனுக்குக் கை துறுதுறுக்கும்.

இந்த நிலைமை எப்படி வந்தது? து தூக் மன்னர் 1883 ஜூலையில் சொந்தப் பிள்ளை இல்லாமல் இறந்தார். அடுத்த மாதமே பிரெஞ்சுக் கப்பல்கள் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த துவான் ஆன் கோட்டைகளை நொறுக்கிவிட்டு, கையோடு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கின. 1884 ஜூனில் இரண்டாவது ஒப்பந்தம். அன்றைக்கு, சீனப் பேரரசு வியட்நாம் மன்னருக்குக் கொடுத்திருந்த முத்திரையைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கண் முன்னாலேயே உருக்க வைத்தார்கள். இனிமேல் நீ சீனாவுக்குக் கட்டுப்பட்டவன் இல்லை, எங்களுக்குக் கட்டுப்பட்டவன் என்று அர்த்தம்.

அரண்மனைக்குள் நடந்தது அதைவிட மோசம். ஒரே வருஷத்தில் நான்கு ராஜாக்கள். ஒருவர் மூன்று நாளில் இறக்கப்பட்டுச் சிறையில் செத்தார். அடுத்தவர் பிரெஞ்சுக்காரர்களோடு பேச முயன்றார் என்று விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார். மூன்றாவது பையன் எட்டே மாதத்தில் இறந்தான். நான்காவதாக 1884 ஆகஸ்டில் அவன் தம்பியை உட்கார வைத்தார்கள். ஹாம் ங்கி. அப்போது 13 வயது. இத்தனைக்கும் பின்னால் நின்ற ராஜப்பிரதிநிதிகள் இருவர். போர் மந்திரி தோன் தாத் துயெத் ஒருவர். பேச்சுவார்த்தையில் கெட்டிக்காரரான நுயென் வான் துவோங் மற்றவர். துயெத்தைப் புனிதராக்க நான் வரவில்லை. ராஜாக்களைப் போட்டுத் தள்ளிய கை அது.

ஆனால் யோசிக்காதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. ஹுவே ஒருநாள் கைவிட்டுப் போகும் என்று அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார். வடக்கே குவாங் திரி மாகாணத்து மலையடிவாரத்தில் தான் சோ என்ற இடத்தில் மாற்றுத் தலைநகர் மாதிரி ஒரு கோட்டை கட்டி, அரிசி, ஆயுதம், கஜானாவில் ஒரு பகுதி எல்லாவற்றையும் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டிருந்தார். மதில்மேல் இருக்கும் பீரங்கிகளை இறக்கு என்று பிரெஞ்சுக்காரர்கள் நெருக்கியபோது, இறக்கியவற்றில் கொஞ்சம் மலைக்குப் போனது. தனக்கென்று புதுப் படைப்பிரிவுகளும் திரட்டினார்.

அவரிடம் இல்லாமல் போனது அவகாசம். 1885 மார்ச்சில் லாங் சோனில் பிரெஞ்சுப் படை பின்வாங்கி, பாரிஸில் ஜூல் ஃபெரியின் ஆட்சியே கவிழ்ந்தபோது ஹுவேயில் பலர் மூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் ஜூன் 9 அன்று சீனா பிரான்சோடு சமாதானம் செய்துகொண்டு வியட்நாமைக் கைகழுவியது. சீனப் போரிலிருந்து விடுபட்ட பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு இப்போது வேறு வேலை இல்லை. ஜூலை 2ஆம் தேதி சுமார் 1,000 சிப்பாய்களோடு ஹுவேயில் வந்து இறங்கினார் ஜெனரல் தெ கூர்சி.

இந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாக்குதலுக்குப் பாதிக் காரணம் இவர்தான். வந்த வேலை, ராஜாவிடம் தன் நியமனப் பத்திரத்தைக் கொடுப்பது. ராஜதந்திரத்தில் இதைவிடச் சாதாரணச் சடங்கு இல்லை. இவர் என்ன கேட்டார் தெரியுமா? அரண்மனையின் நோ மோன் வாசலில் நடுக்கதவு ராஜாவுக்கு மட்டுமே திறப்பது. அந்த நடுக்கதவு வழியாகத் தான் மட்டுமில்லை, தன் சிப்பாய்கள் அத்தனை பேரும் நுழைய வேண்டும் என்றார். ஜெனரல் நடுக்கதவில் வரட்டும், மற்றவர்கள் பக்கக் கதவுகளில் வரட்டும் என்று அரசவை இறங்கி வந்தது. முடியாது என்றார். து தூக் மன்னரின் தாய், மூத்த ராஜமாதா து யூ அனுப்பிய பரிசுகளையும் திருப்பி அனுப்பிவிட்டார் என்று வியட்நாம் தரப்பு எழுதி வைத்திருக்கிறது.

இதெல்லாம் வெளி வேஷம். உள் நோக்கம் துயெத்தைப் பிடிப்பது. ராஜப்பிரதிநிதிகள் இருவரையும் தன் மாளிகைக்குக் கூப்பிட்டார். துவோங் போனார். துயெத் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். அப்படியானால் படுக்கையோடு தூக்கி வாருங்கள் என்று பதில் வந்ததாம். இதற்குமேல் எதைப் புரிந்துகொள்ள வேண்டும்? இன்றைக்கு அடிக்காவிட்டால் நாளைக்குக் கையில் விலங்கு. துயெத் தேதியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தெ கூர்சி அவருக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். 'அவசரப்பட்டுவிட்டார்' என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு நாளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஜூலை 4 இரவு தெ கூர்சி தென்கரை மாளிகையில் தன் அதிகாரிகளுக்கு விருந்து வைத்தார். மாங் காவில் இருந்த அதிகாரிகளும் ஆற்றைக் கடந்து வந்து சாப்பிட்டுவிட்டு, இரவு தங்கள் முகாமுக்குத் திரும்பினார்கள். எதிரே, மதிலுக்குப் பின்னால், ஆயிரக்கணக்கான ஆட்கள் இருட்டில் நகர்ந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வகையில் திடீர்த் தாக்குதல் நூற்றுக்கு நூறு திடீர்த் தாக்குதல்தான்.

ஒரு சின்ன விஷயம். வியட்நாமியச் சந்திரக் கணக்கில் அது ஐந்தாம் மாதம் 23ஆம் நாள். நம் கணக்குக்கு மாற்றினால் ஆனி மாதத் தேய்பிறை அஷ்டமி. என் பாட்டி உயிரோடிருந்தால் 'அஷ்டமியில் போய் யாராவது ஆரம்பிப்பானா' என்று அங்கேயே தீர்ப்பு எழுதியிருப்பார். பஞ்சாங்கத்தை விடுங்கள், அஷ்டமி நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும். ஆட்களை இருட்டில் நகர்த்தி வைத்து, கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் அடிக்க நினைப்பவருக்கு இதைவிடத் தோதான திதி கிடைக்காது.

ஒரு மணி வாக்கில் பீரங்கி முழங்கியது. இரண்டு முனைகள். துயெத்தின் தம்பி தோன் தாத் லே தலைமையில் ஒரு பிரிவு ஆற்றைக் கடந்து ரெசிடென்ட் மாளிகையைத் தாக்கியது. துயெத்தும் தளபதி சான் சுவான் சோவானும் மாங் காவைத் தாக்கினார்கள். மதில் பீரங்கிகள் மாளிகையைப் பார்த்துச் சுட்டன. முகாம்களில் சிப்பாய்கள் தூங்கிய ஓலைக் கொட்டகைகளில் தீ வைக்கப்பட்டது. ஜூலை மாத ஹுவே வெயில் கொடுமையானது. காய்ந்த ஓலை நிமிஷத்தில் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சுப் படையின் சுவாவ் சிப்பாய்கள் பாதி உடுப்போடு, கைக்குக் கிடைத்த துப்பாக்கியோடு வெளியே ஓடி வந்தார்கள். முதல் அரை மணி நேரம் துயெத் நினைத்தபடியே எல்லாம் நடந்தது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். தூங்குகிறவனைத் திடீரென்று எழுப்பினால் அவனுடைய குழப்பம் எவ்வளவு நேரம் இருக்கும்? அதற்குள் அவன்மேல் பாய்ந்து காரியத்தை முடித்தாக வேண்டும். வியட்நாமியப் படை கொட்டகைகளைக் கொளுத்தியது, சத்தம் போட்டது, தூரத்தில் நின்று சுட்டது. உள்ளே பாய்ந்து பிடிக்கவில்லை. ஓலை எரிந்து முடிந்ததும் செங்கல் கட்டடங்கள் மிஞ்சின. பிரெஞ்சுச் சிப்பாய்கள் அவற்றுக்குள் ஒதுங்கினார்கள். இருட்டில் கண்டபடி சுட்டுத் தோட்டாவை வீணடிக்காமல் விடியட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் சண்டை முடிவானது.

பீரங்கிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் குறைவே இல்லை. ஆனால் பெரும்பாலும் வாய் வழியாகக் கெட்டிக்கிற பழைய காலத்துப் பீரங்கிகள். இருட்டில் குறி தப்பிக் குண்டுகள் தலைக்கு மேலே போய் விழுந்தன. மாளிகைக் கூரை ஓட்டை விழுந்தது, சுவர் சிதைந்தது. உள்ளே தெ கூர்சி உயிரோடிருந்தார். எதிர்த்தரப்புச் சிப்பாயின் கையில் கிரா துப்பாக்கி, 1874ஆம் வருஷ மாடல், பின்பக்கம் தோட்டா போடுவது. ஒருவன் ஒருமுறை கெட்டித்துச் சுடுவதற்குள் இவன் பலமுறை சுட்டுவிடுவான். இருட்டில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வெளிச்சம் வந்தால் தெரியும்.

சாப்பாடு போட்டு அதிகாரிகளை அனுப்பிவைத்த ஜெனரல் சண்டை முழுக்க ஆற்றின் மறுகரையில் மாட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிடித்த விவரம். மாங் காவுக்குக் கட்டளை அனுப்பவே வழியில்லை. அன்றைக்கு ஜெயித்துக் கொடுத்தவர் லெப்டினன்ட் கர்னல் பெர்னோ. பொழுது புலர்ந்ததும் மாங் காவிலிருந்த படையைப் பிரித்துக் கோட்டைக்குள் ஏவினார். மதில்மேலேயும் தெருக்களிலும் அடித்துக்கொண்டு போன படை, காலையிலேயே அரண்மனையைப் பிடித்துக் கொடிமேடையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டது. இரண்டு முகாம்களும் சேர்ந்து ஏறக்குறைய 1,400 பேர்தான்.

பிரெஞ்சுத் தரப்பில் செத்தவர்கள் இருபதுக்குள். காயம்பட்டவர்கள் எண்பதை ஒட்டி. வியட்நாம் தரப்பில் 1,200இலிருந்து 1,500 வரை சொல்கிறார்கள். இதில் சிப்பாய் எத்தனை, ஊர் ஜனம் எத்தனை என்று யாரும் பிரித்து எழுதவில்லை. எனக்குத் துயெத்தின் மேல் உள்ள பெரிய கோபம் இங்கேதான். கோட்டைக்குள் ஒரு முழு ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. ரகசியம் காக்க வேண்டும் என்பதால் அவர்களிடம் யாரும் மூச்சு விடவில்லை. பீரங்கிச் சத்தத்தில் எழுந்து, விடியற்காலையில் தோற்ற படையோடு சேர்ந்து, பெண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோட்டை வாசல்களுக்கு ஓடினார்கள். 10 கிலோமீட்டர் மதிலுக்கு வாசல்கள் பத்துப் பதினொன்றுதான். நெரிசலில் மிதிபட்டும், துப்பாக்கிச் சூட்டிலும், குளத்திலும் அகழியிலும் விழுந்தும் செத்தார்கள். ராஜாவுக்கு மாற்றுத் தலைநகர் கட்டி வைத்த மந்திரி, இவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்திருந்தார்? ஒன்றும் இல்லை.

பிறகு கொள்ளை. அரண்மனைப் பொருள்கள், தங்கம், வெள்ளி, ராஜமாதாக்களின் நகைகள், வழிபாட்டுச் சாமான்கள், நூலகம். எரிந்தது போக மிச்சம் எடுக்கப்பட்டது. கஜானாவில் சிக்கியதில் ஒரு பகுதி பாரிஸ் நாணயச் சாலைக்குக் கப்பலேறி, பெரும்பாலும் உருக்கப்பட்டது. முத்திரையை உருக்கியவர்களுக்கு நாணயம் எம்மாத்திரம்.

ஆனால் தெ கூர்சி தேடி வந்த இரண்டு பேரும் கோட்டையில் இல்லை. 14 வயதுகூட நிரம்பாத ராஜாவையும் மூன்று ராஜமாதாக்களையும் கூட்டிக்கொண்டு துயெத் மேற்குப்பக்கமாக வெளியேறி, குவாங் திரியை நோக்கிப் போய்விட்டார். ராஜமாதாக்கள் கொஞ்ச நாளில் ஹுவேக்குத் திரும்பினார்கள். பையன் திரும்பவில்லை. ஜூலை 13 அன்று தான் சோவிலிருந்து அவன் பெயரில் ஒரு கட்டளை வெளியானது: மன்னருக்குத் துணை நில்லுங்கள். கான் வுவோங் இயக்கம் அதிலிருந்து ஆரம்பம். வடக்கிலும் மத்தியிலும் படித்த மாண்டரின்களும் கிராமத்து ஆட்களும் எழுந்தார்கள். ஃபான் தின் ஃபுங் என்ற அறிஞர் 1895 கடைசியில் காட்டில் நோய்வாய்ப்பட்டு இறக்கும்வரை பத்து வருஷம் போராடினார்.

இதை வெறும் வீரகாதையாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அதே 1885இல் இப்படி எழுந்தவர்கள், பிரெஞ்சுக்காரர்களின் ஆட்கள் என்று முத்திரை குத்தி, பல்லாயிரம் வியட்நாமியக் கத்தோலிக்கர்களைக் கிராமம் கிராமமாகக் கொன்றார்கள். குவாங் திரியிலும் பின் தின்னிலும் நடந்தது படுகொலை. அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஒவ்வொருவரும் எங்கே போய் முடிந்தார்கள் பாருங்கள். ஹுவேயில் தங்கிவிட்ட துவோங், பிஷப் கஸ்பார் மூலம் தெ கூர்சியிடம் சரணடைந்தார். நாட்டை அமைதிப்படுத்த இரண்டு மாதம் கெடு. கெடு முடிந்ததும் கைது. தாஹித்தித் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, அடுத்த வருஷமே அங்கே செத்தார். துரோகியா, காலத்தை வாங்கப் பார்த்தவரா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஹாம் ங்கியின் அண்ணனையே தோங் கான் என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் செப்டம்பரில் அரியணை ஏற்றினார்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து ராஜா. தெ கூர்சியை 1886 ஆரம்பத்தில் பாரிஸ் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. நடுக்கதவு விவகாரம் ஒரு நாட்டையே கொளுத்திவிட்டது என்று அவர்களுக்கும் புரிந்திருக்கும். துயெத் உதவி கேட்டுச் சீனா போனார். உதவி கிடைக்கவில்லை. 1913இல் சீனாவிலேயே இறந்தார். அவருடைய இரண்டு மகன்கள் ராஜாவோடு காட்டில் இருந்து உயிர் விட்டார்கள்.

ராஜா மூன்று வருஷம் குவாங் பின் மலைகளில் ஒளிந்திருந்தார். 1888இல் கூட இருந்தவனே காட்டிக்கொடுத்தான். பிடிபட்ட பிறகு நான்தான் ராஜா என்று ஒப்புக்கொள்ளவே இல்லையாம். பழைய வாத்தியாரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, பையன் தன்னையறியாமல் எழுந்து வணங்கினான். அதில் தெரிந்துபோயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே பிரெஞ்சு படித்தார், ஒரு பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார், ஓவியரானார். 1944இல் அல்ஜியர்ஸில் இறந்தார். அவர் வரைந்த ஒரு மாலைக் காட்சி 2010இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்து 8,800 யூரோவுக்குப் போனது. கல்லறை இப்போது பிரான்ஸில், தோனாக் என்ற கிராமத்தில் இருக்கிறது.

இப்போது என் தீர்ப்பு. துயெத் ஹுவேயைப் பிடிப்பதில் தோற்றார். அதற்குக் காரணம் அவசரம் இல்லை. முதல் அரை மணி நேரத்துக்குத் திட்டம் வைத்திருந்தார், அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வைத்திருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அடிக்காமல் இருந்திருந்தால், ராஜா பிரெஞ்சுக்காரர்களின் கையில் ஒரு பொம்மை. போர் மந்திரி சிறையில். கான் வுவோங் கட்டளையில் கையெழுத்துப் போட ஆளே இருந்திருக்காது. ராஜாவைக் கோட்டையிலிருந்து வெளியே எடுத்தது அந்த ராத்திரியின் ஒரே சாதனை. அது சின்னச் சாதனை இல்லை. அதற்கான விலையை ஊர் ஜனம் கொடுத்தது, கேட்காமலேயே அவர்களிடம் வாங்கப்பட்டது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அந்த ஜனத்தை ஹுவே மறக்கவில்லை. சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் 23 அங்கே ஊருக்கே பொதுவான திதி. கோட்டையின் கிழக்குப் பகுதியில், இன்றைய மாய் துக் லோவான் தெருவில், பெயர் தெரியாமல் செத்தவர்களுக்கென்று 1890களில் கட்டிய சிறு கோயில் இருக்கிறது. அந்த 23ஆம் நாளிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் வீட்டு வாசல்களிலும் தெருமுனைகளிலும் மேசை போட்டுப் படைக்கிறார்கள். கஞ்சி, பொரி, உப்பு, கிழங்கு, ஓடிக் களைத்தவர்களுக்குத் தேநீர். தண்ணீரில் விழுந்து செத்தவர்கள் குளிர் காயப் பக்கத்தில் கொஞ்சம் நெருப்பு மூட்டுகிறார்கள். ராஜாவுக்கோ மந்திரிக்கோ உரிய படையல் இல்லை அது.

வியட்நாம் டூர் போகிறவர்கள் இப்போது நம்மூரிலும் பெருகிவிட்டார்கள். ஹுவேக்குப் போனால் கோட்டை வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். வடகிழக்கு மூலை வரைக்கும் ஒரு நடை போங்கள். முடிந்தால் ஜூன், ஜூலையில் அந்த 23ஆம் நாள் எப்போது வருகிறது என்று பார்த்து டிக்கெட் போடுங்கள். வருஷத்துக்கு வருஷம் ஆங்கிலத் தேதி மாறும். நம் பஞ்சாங்கத்தில் தேய்பிறை அஷ்டமியை ஒட்டித் தேடினால் கிடைத்துவிடும்.